இரண்டு மாறுபட்ட தீர்ப்புகள்

எங்கள் நீதிமன்றத்தில் இரண்டாம் அறையில் அமரும் நீதிபதிகள் இருவருக்கும் தாழ்வாரத்தில் பட்டப்பெயர் உண்டு. மூத்தவர் இடி, இளையவர் ஊசி. இளையவர் என்றால் வயதில் அல்ல. பதவி ஏற்றதில் ஒன்பது நாள் இளையவர். அந்த ஒன்பது நாளை மூத்தவர் ஒருநாளும் மறக்க விட்டதில்லை. இடி கேள்வி கேட்டால் வாசலில் நிற்கும் காவலர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். ஊசி கேட்பது முதல் வரிசைக்கே காதில் விழாது. ஆனால் கேட்கப்பட்ட வக்கீலின் முகத்தைப் பார்த்தால் எங்கே குத்தியது என்று தெரிந்துவிடும்.

நான் இடியின் சுருக்கெழுத்தாளர். பதினெட்டு வருடமாக அவர் சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சு செய்து, அவர் விட்ட முற்றுப்புள்ளிகளையும் சேர்த்து வைத்துக் கொடுத்து வருகிறேன். ஊசியின் சுருக்கெழுத்தாளரை எல்லோரும் நூல் என்பார்கள், ஊசி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நிம்மதி.

தீர்ப்புகளில் இவர்கள் ஒருவரை ஒருவர் ‘என் கற்றறிந்த சகோதரர்’ என்று எழுதுவார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டார்கள். சின்ன வழக்குகளில் இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்து எழுதவேண்டிய வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் போதும், ஒருவர் கிழக்கே போனால் மற்றவர் மேற்கே போவார். இரண்டு பேர் அமர்வில் இருவரும் மாறுபட்டால் வழக்கு மூன்றாவது நீதிபதி ஒருவரிடம் போகவேண்டும். அப்படிப் போன வழக்குக் கட்டுகள் நிறைந்து, மூன்றாவது நீதிபதியின் அறையில் அலமாரி போதாமல் தாழ்வாரத்திலும் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். அங்கே போன கட்டு திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

விசாரணை முடிந்ததும் நீதிபதிகள் இருவரும் கால்மணி நேரம் தனியாக உட்கார்ந்து கலந்து பேசவேண்டும் என்பது விதி. இளையவர் முதலில் பேசவேண்டும், மூத்தவரின் கருத்தைக் கேட்டு மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக. ஊசி மிரள்வாராம். நல்ல கதை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மதில்சுவர் வழக்கில் அந்தக் கால்மணி நேரம் இரண்டரை மணி நேரமாகி, மேசை மேலிருந்த தண்ணீர்க் கூஜா உடைந்தது. யார் உடைத்தது என்பதிலும் அவர்கள் மாறுபட்டார்கள். அதிலிருந்து விதியை மீறாமல் கால்மணி நேரம் ஒரே அறையில் உட்கார்வார்கள். இடி செய்தித்தாள் படிப்பார், ஊசி குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புவார். வெளியே வந்ததும் ‘கலந்தாலோசித்தோம்’ என்று பதிவாகும். மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதை விசாரணையில் அவர் கேட்ட கேள்விகளை வைத்தே இருவரும் முடிவு செய்துகொள்வார்கள்.

இங்கேதான் சிக்கல். எங்கள் ஐயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கம் சாயப்போகிறாரோ அந்தப் பக்கத்தைத்தான் போட்டு வறுத்தெடுப்பார். தான் தூக்கிப் பிடிக்கப்போகும் வாதம் உதறினாலும் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். ஊசிக்கும் அதே பழக்கம் என்பது நூலுக்கு மட்டும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அந்த வழக்கு ஒரு பேருந்து ஓட்டுநருடையது. ஐம்பத்தேழு வயது அம்மா. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒருநாள் நான்கு சாலைகள் சேரும் இடத்தில் பச்சை விளக்குக்காக நின்றபோது, கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் நடுச்சாலையில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறார். என்ஜினை அணைத்து, இறங்கி, அவர் கையைப் பிடித்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான்கு நிமிடம். உள்ளே முப்பத்தாறு பயணிகள். பயணிகள் இருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று போக்குவரத்து நிர்வாகத்தின் விதி சொல்கிறது. அவசரமாகப் போய்க்கொண்டிருந்த பயணி ஒருவர் புகார் எழுதினார். ஏற்கெனவே ஒருமுறை இதே மாதிரி இறங்கியதற்கு எச்சரிக்கை வாங்கியவர் என்பதால் வேலை போய்விட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஓய்வு பெற மிச்சம் இருந்தது பதினோரு மாதம். அதற்குள் தீர்ப்பு வந்தால் மறுபடி வண்டி ஏறலாம். இல்லாவிட்டால் ஒழுங்கு மீறி நீக்கப்பட்டவர் என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

விசாரணை அன்று அவருடைய வக்கீல் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எங்கள் ஐயா ஆரம்பித்தார்.

“முப்பத்தாறு பேர் உயிர் பெருசா, ஒரு உயிர் பெருசா?”

“மாண்புமிகு நீதிபதி அவர்களே, யாருக்கும் எதுவும் ஆகலை...”

“ஆகலைங்கிறது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்த நம்பியா வண்டி ஓட்டுறாங்க?”

வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் ஊசி மெதுவாகக் கேட்டார். “ரோட்டுல வேற ஆளே இல்லையா? இந்தம்மா இறங்கலைன்னா அவரை யாரும் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்கன்னு நிரூபிக்க முடியுமா?”

இப்படியே ஒரு மணி நேரம். எதிர்ப்பக்க வக்கீல் வாயே திறக்கவில்லை, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எங்கள் ஐயா ஓட்டுநரையே முன்னால் வரச்சொன்னார்.

“நீங்க இறங்கும்போது உள்ள இருக்கிறவங்கள யோசிச்சீங்களா?”

“யோசிச்சேங்க. அதனாலதான் கை பிரேக்க போட்டு, சாவிய எடுத்துட்டு இறங்கினேன்.”

“மறுபடியும் இப்படி ஒருத்தர் நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவீங்க?”

இறங்க மாட்டேன் என்று சொல்லச்சொல்லி வக்கீல் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

“சாவிய எடுத்துட்டு இறங்குவேங்க.”

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் அந்தப் பதிலை எழுதினேன். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பொய்களை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதிலுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு போட்டேன்.

கலந்தாலோசனை வழக்கம்போல நடந்தது. செய்தித்தாள் முழுக்கப் படிக்கப்பட்டது, குறுக்கெழுத்துப் போட்டி நிரம்பியது. அறைக்குத் திரும்பியதும் எங்கள் ஐயா நாற்காலியில் விழுந்தார்.

“பாத்தீங்களா அந்த ஆள? மனசுல ஈரமே இல்லாம கேக்கிறார். நிச்சயம் தள்ளுபடிதான் பண்ணப்போறார். நான் விட மாட்டேன். எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டேன். முப்பத்தொரு பக்கம். ‘என் கற்றறிந்த சகோதரரின் முடிவோடு மிகுந்த மரியாதையுடன் மாறுபடுகிறேன்’ என்று ஆரம்பித்தது. மிகுந்த மரியாதை என்று அவர் சொல்லும்போது மேசையில் ஓங்கித் தட்டினார். ஓட்டுநர் செய்தது தவறுதான், ஆனால் அந்தத் தவறுக்கு வேலை நீக்கம் மிகை, எச்சரிக்கை ஒன்றைப் பதிவு செய்துவிட்டு மீண்டும் வேலை கொடுக்கவேண்டும் என்பது சாரம். ஏழாவது பக்கத்தில் இரக்கத்தைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லும்போது எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். எந்த நீண்ட வாக்கியத்தையும் அவர் உட்கார்ந்து சொன்னதில்லை.

தீர்ப்பு எழுதியதும் அதை உறையில் போட்டு, மேல் பக்கத்தில் ‘ஒத்தது’, ‘மாறுபட்டது’ என்று இருக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு, பதிவுப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். மாலை நான்கு மணிக்கு அங்கிருந்து ஒரு ஊழியர் தள்ளுவண்டியோடு வருவார். ஏதாவது ஒரு உறையில் ‘மாறுபட்டது’ என்று இருந்தால் கட்டு நேராக மூன்றாவது நீதிபதிக்குப் போய்விடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பதிவுப் பிரிவு பார்க்காது. பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை. எந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று சுருக்கெழுத்தாளர் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை போகும். அது எங்கள் விதி.

மூன்றாம் நாள் உறையை ஒட்டி வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போனேன். மேசையில் எதிரே நூல் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பெருமை.

“எங்க ஐயா இந்தத் தடவ பின்னிட்டார்ங்க. பதினெட்டே பக்கம். மாறுபட்ட தீர்ப்புன்னா இதான்.”

“எங்க ஐயாதானே மாறுபடுறார்?” என்றேன், வாயில் சோற்றோடு.

“அதெப்படி? உங்க ஐயா தள்ளுபடி பண்றார்னுதானே எங்க ஐயா...” என்று சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு நீதிபதிகளுமே அந்த அம்மாவைக் காப்பாற்றுவதற்காக, மற்றவர் அவரை அழிக்கப்போகிறார் என்று நினைத்து எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். எதிர்க்கப்பட்ட அந்தத் தீர்ப்பை எழுதியவர் யாரும் இல்லை.

“நான் எதுவும் சொல்லலை. நீங்க எதுவும் கேக்கலை,” என்று நூல் எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிரிப்பு வந்தது. உடனே கோபம் வந்தது. படித்த மனிதர்கள் இரண்டு பேர், ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க மாட்டார்கள். ஊரில் உள்ள வக்கீலையெல்லாம் குடைந்து குடைந்து கேட்பார்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க மாட்டார்கள். இவர்கள் கூஜாவை உடைத்ததற்கு அந்த அம்மாவின் பதினோரு மாதம் போகவேண்டுமா?

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மூன்று மணி. உறை எதிரே இருந்தது. எனக்கு ஐம்பது வயது, வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வீட்டில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. மூன்றரை ஆயிற்று. தூரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. முதல் மாடியில் ஆரம்பித்துவிட்டார். நான் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவைத் தட்டக்கூட மறந்து ஐயாவின் அறைக்குள் போய் நின்றேன்.

“ஐயா, எதிர் அறை ஐயாவும் அந்த அம்மாவுக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கார். அவரும் மாறுபட்ட தீர்ப்புன்னு குறி போட்டிருக்கார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஆரம்பித்தார். நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கு விழும் அதே குரல்.

“யார் சொன்னது?”

“அத சொல்ல மாட்டேன் ஐயா.”

“மாட்டீங்களா?”

“சொன்னா இன்னொருத்தர் வேலையும் போகும். ஒரு வேலை போனா போதும்.”

“தீர்ப்பு விஷயம் பேசக் கூடாதுங்கிறது தெரியுமா தெரியாதா?”

“தெரியும் ஐயா.”

“தெரிஞ்சும் ஏன் இடத்த விட்டு எழுந்து வந்தீங்க?”

“நாலு மணிக்கு வண்டி வந்துரும்.”

“அது பதில் இல்லை.”

“அந்தம்மாவுக்குப் பதினோரு மாசம்தான் இருக்கு. மூணாவது ஐயாகிட்ட போனா ரெண்டு வருஷம். யார் ஜெயிக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் எழுதினீங்களோ, அவங்களே தோத்துருவாங்க.”

“மறுபடியும் இப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பதிலையும் எழுதியிருக்கிறேன்.

“கதவ தட்டிட்டு வருவேன் ஐயா.”

அவர் என் கையிலிருந்த உறையைப் பிடுங்கினார், மேல்கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனார். ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தாழ்வாரத்தைக் கடந்து ஊசியின் கதவைத் திறந்தார். அவரும் தட்டவில்லை.

உறை கிழிபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஊசி சிரிப்பது கேட்டது. அந்த மனிதர் சிரிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சிரிப்பு அடங்கியதும் சண்டை ஆரம்பித்தது. ஊசியின் தீர்ப்பில், ஓட்டுநர் செய்தது தவறே இல்லை என்று இருந்ததாம், எச்சரிக்கையும் கூடாதாம்.

“விதிய மீறினது தப்புதான். மன்னிக்கலாம், ஆனா தப்பு.”

“கை பிரேக் போட்டு, சாவிய எடுத்துட்டுப் போயிருக்காங்க. இதுல எது தப்புன்னு சொல்லுங்க.”

“அதுக்குப் பேர் விதி.”

“அதுக்குப் பேர் பிடிவாதம்.”

எச்சரிக்கை ஒன்றில் இருவரும் மாறுபட்டால்கூட மறுபடி மூன்றாவது நீதிபதிதான். நூலும் நானும் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது தள்ளுவண்டி வந்துவிட்டது. நூலை நான் ரொம்ப நாளாகக் கோழை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் அந்த ஊழியரிடம், “முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டார். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டால் அந்த மனிதர் அரைமணி நேரம் பேசுவார் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். வலது காலை முடித்து இடது காலுக்கு வந்தபோது கதவு திறந்தது. ஐயா வெளியே வந்து, கூட வரும்படி என்னிடம் தலையசைத்தார்.

அறைக்குள் வந்து உட்கார்ந்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லதுக்காக இருந்தாலும் இடத்த விட்டு எழுந்தது தப்புன்னு நான் கையெழுத்துப் போட்டா, இன்னைக்குச் சாயங்காலமே உங்களுக்கும் ஒரு மெமோ கொடுக்கணும். இல்லைன்னா நான் எழுதினதுக்கு அர்த்தம் இல்லை. அந்த மெமோவ யார் டைப் பண்றது?”

“நானே பண்ணிடுறேன் ஐயா.”

“பேசாதீங்க. எழுதுங்க.”

நோட்டைத் திறந்தேன். அவர் சன்னலருகே போகவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

“உடன்படுகிறேன்.”

பேனாவோடு காத்திருந்தேன். “அப்புறம் ஐயா?”

“முற்றுப்புள்ளி.”

முப்பத்தொரு பக்கத்தையும் அவரே கிழித்தார். ஏழாவது பக்கம் வந்தபோது மட்டும் நிறுத்தி, “இது நல்லா இருந்துச்சு இல்ல?” என்றார். ரொம்ப நல்லா இருந்தது என்றேன். கொஞ்சம் நீளம் என்று சொல்ல அது நேரம் இல்லை.

அடுத்த வாரம் திறந்த நீதிமன்றத்தில் ஊசி தீர்ப்பை வாசித்தார். அந்த அம்மா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது, தவறு ஏதும் இல்லை’ என்று முடிந்ததும், இடிக்காக அறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. எதிர்ப்பக்க வக்கீல் குறிப்பெடுக்கப் புதுப் பக்கம் திருப்பினார். எங்கள் ஐயா கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு அந்த ஒரு சொல்லைச் சொன்னார். காவலர் தொப்பியைப் பாதி சரிசெய்த கையோடு நின்றுவிட்டார்.

ஓட்டுநர் எழுந்தார். “என் பழைய வண்டியையே கொடுப்பாங்களாங்க?”

“கொடுக்கணும்,” என்றார் ஊசி.

“அது நிர்வாகத்தோட விருப்பம்,” என்றார் இடி, அதே நேரத்தில். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, அது வழக்கில் இல்லாத கேள்வி.

வெளியே படிக்கட்டில் அந்த அம்மா என்னைப் பார்த்து நின்றார். மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

“தங்கச்சி, நீங்கதானே அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் எழுதினீங்க?”

“ஆமாம்.”

“அன்னையிலேர்ந்து சரியாத் தூக்கம் இல்லை. மறுபடி இறங்குவேன்னு சொன்னேன் பாருங்க, அதாலதான் கெட்டுப்போச்சுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் கோபம். வக்கீல் சொன்ன மாதிரி இறங்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்னு நானே நெனச்சேன். அந்தப் பெரிய ஐயா வேற அவ்வளவு சத்தம் போட்டாரே. எப்படி மனசு மாறினார்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பதில்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது, நான் எழுந்ததுதான் எங்கள் ஐயாவை மாற்றியது என்று அந்த அம்மாவிடம் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? விதி கூடாது என்கிறது. ஒருமுறை மீறியாயிற்று.

“அப்படிச் சொல்லாம இருந்தீங்களே, நல்லவேளை அக்கா,” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று படியிறங்கிப் போனார்.